இல்லாத பள்ளம்

சக்கரத்தோடு சக்கரம் உரசாத குறையாக வரிசையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு, முன்னால் போகிறவரின் கைதான் கண்; அது தாழ்ந்தால் அந்தப் பக்கம் பள்ளம். முதன்முறையாக முன்னால் போன மெர்லின், மரத்துப்போன இடக்கையைத் தொங்கவிட்டு உதறினாள். "பள்ளம், பள்ளம்" என்று குரல் கடைசிவரை ஓடியது. புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் எல்லோரும் கைகாட்டி, வலப்பக்கம் வளைந்து போனார்கள்.

டீக்கடையில், அவளுக்கு அடுத்து வந்த பொன்னுரங்கம், "நல்லவேளை காட்டுனீங்க மேடம். இல்லன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்திருப்போம்" என்றார்.

"எவ்ளோ ஆழம் பாத்தீங்களா" என்றார் இன்னொருவர்.

மெர்லின் டீயை ஊதுவதிலேயே கவனமாக இருந்தாள்.

அடுத்த ஞாயிறு பொன்னுரங்கம் முன்னால் போனார். அதே இடத்தில் அவர் கை தாழ்ந்தது. பின்னால் வந்த மெர்லினும் கைகாட்டி, வளைந்து, போகிறபோக்கில் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

பள்ளம் போன வாரத்தைவிட அகலமாகியிருந்தது.