கோபுரத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. இடிந்த கோட்டை முற்றத்தில் என் ஆடுகள் ஈரப் புல்லை மேய்கின்றன. கோபுரத்தின் அடியில் கைத்தடியை ஊன்றி நிற்கும் ஹைல்வென் வேல்ஸ்காரி. மேலே ஏறிப் போயிருக்கும் அவள் புருஷன் கிளிஃபோர்ட் ஆங்கிலேயன். இந்த இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையில் எந்தக் கோட்டைக்குப் போனாலும் இருவருக்கும் ஒரே விளையாட்டு: அவன் உச்சியில் நின்று காப்பான், அவள் ஏறிப்போய்ப் பிடிப்பாள். அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனபிறகு இன்றுதான் வந்திருக்கிறார்கள். "கோட்டைய விட்டுட்டு எறங்குய்யா, திருட்டு இங்கிலீஷ்காரா!" அவள் போட்ட சத்தத்தில் காக்கைகள் பறக்கின்றன. "முடிஞ்சா வந்து பிடிடீ!" என்று எப்போதும் வரும் பதில் இன்று வரவில்லை. அம்பு எய்யும் ஒடுங்கிய துளை வழியே ஒரு வெள்ளைக் கைக்குட்டை மட்டும் வெளியே நீள்கிறது. வெயில் அதன்மேல் விழுகிறது. இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. வீட்டிலிருந்தே யோசித்து எடுத்து வந்திருக்கிறான். ஹைல்வென் அதையே பார்க்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொள்கிறாள். "யாருய்யா உன்னத் தோக்கச் சொன்னா? உள்ள இழு அத!" தேய்ந்த முதல் படியில் தடியை வைக்கிறாள், பிறகு காலை. கைக்குட்டை மெல்ல உள்ளே போகிறது. மேலிருந்து குரல் வருகிறது: "முடிஞ்சா வந்து பிடிடீ!"