ஆற்றோரம் ஒரு சைட்

அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

'என்னால் சேர இயலவில்லை' என்று தட்டச்சு செய்துவிட்டாள். விரல் மட்டும் இறங்க மறுத்தது.

நாளையோடு கெடு முடிகிறது.

மதில் மேல் விரித்த செய்தித்தாளில் நீர்நாய் எச்சம் காய்ந்துகொண்டிருந்தது. மீன் செதிலும் நண்டு ஓடுமாக. காலையில் அமராவதிக் கரைப் பாறைகளில் பொறுக்கியது. மூன்று வருடமாக இதுதான் அவள் வேலை. நீர்நாய் எத்தனை, எங்கே வருகிறது, என்ன தின்கிறது என்று பார்ப்பது. இதற்காக ஊர் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

அந்த வேலையையே முதுகலைப் படிப்பில் சேர்த்துக்கொள்ள ஒரு பல்கலைக்கழகம் சம்மதித்திருந்தது. காலையில் ஆறு. சாயங்காலம் ஆன்லைன் வகுப்பு. வீட்டைவிட்டு நகர வேண்டாம். இவ்வளவு வளைந்துகொடுக்கிற படிப்பு ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

போன வாரம், சாப்பிடும்போது, கணவனிடம் சொன்னாள். பூபதி பால் வண்டி ஓட்டுகிறவன்.

"வூட்ல இருந்துட்டே படிக்கலாமுங்க. ஒரே கண்டிசன். நமக்குன்னு ஒரு சைட் இருக்கோணும்."

சோற்றில் அவன் கை அப்படியே நின்றது.

"பாக்கலாம்" என்றான். எழுந்து போய்விட்டான்.

அதோடு சரி. பால் ஊற்றியதும் நேரே வீட்டுக்கு வருகிறவன், வருவதில்லை. போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசினான். கேட்டால், சோலி இருக்குது என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். படிப்பு போனால் போகிறது. இவனா இப்படி என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டது.

அவனோடு இன்னொருவரும் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை. நில புரோக்கர் நஞ்சப்பன்.

"அம்மிணி, ஒருவழியா அமைஞ்சுதுங்க. அஞ்சு சென்ட்டு. உங்கூட்டுக்காரர் ஒரு வாரமா என்னியத் தூங்க உடுலீங்க. ஆத்தோரமேதான் வேணுமாமா. நீர்நாய் வந்து போகத் தோதா."

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

பிறகு எல்லாம் புரிந்தது.

சைட். அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான். கல் நட்டு, சென்ட் கணக்கில் விற்கிற வீட்டுமனை. அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை.

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, சைட்டுன்னா நான் தெனம் நடக்கற ஆத்தங்கரைங்க. பாக்கற எடம். வாங்கற எடமில்லீங்க."

அவன் அவளையே பார்த்தான்.

"வாங்க வேண்டாமா?"

"வேண்டாங்க."

வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு வாரத்து மூச்சு மொத்தமாக வெளியே வந்தது.

"அட சாமி! எங்கப்பன் பூமில எம்பங்கைப் பிரிச்சுத் தரச்சொல்லி, எங்கண்ணங்கிட்ட அடிதடியே ஆகியிருக்கும் புள்ள."

அவள் தட்டச்சு செய்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அவள் படிப்பது பிடிக்காமல் விலகிப் போனவன் இல்லை இவன். நல்லவேளை, விரல் இறங்கவில்லை.

நஞ்சப்பனுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்ப உங்களுக்குச் சைட்டு வேண்டாங்களா?"

"இருக்குதுங்ணா" என்றான் பூபதி.

"எனக்குத் தெரியாமலா? எத்தனை சென்ட்டு?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியலீங்ணா. காலைல ரெண்டு பேரும் நடந்து பாத்துட்டுச் சொல்றோம்."