மவுண்ட் ஆகாத சிரிப்பு

"காலையிலிருந்து அப்பாவுக்குச் சர்வர்ல இருந்து சிரிப்பு மவுண்ட் ஆகவே மாட்டேங்குது மேடம்!" கதவைத் திறந்ததுமே பொரிந்து தள்ளினான் சுதாகரன்.

சோபாவில் பெரியவர் வேலாயுதம் தேம்பிக்கொண்டிருந்தார். அவர் காதுக்குப் பின்னாலிருந்த வில்லையில் கேபிளைச் சொருகினாள் டெக்னீஷியன் அஞ்சுகம்.

"சர்வர் நல்லாத்தான் இருக்கு சார். சிரிப்பு போய் உட்கார வேண்டிய இடத்துல அப்பா வேற ஃபைலைத் திறந்து வச்சிருக்கார். அதை மூடினாத்தான் இது ஏறும்."

"என்ன ஃபைல்?"

"உங்க அம்மா."

"அம்மா போய்ச் சேர்ந்ததுலேர்ந்து இதே ரோதனை! வலுக்கட்டாயமா மூடுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க லிஃப்ட்ல ஏறிட்டாங்க."

"பாதியில பிடுங்கினா ஃபைல் சிதைஞ்சிடும் சார். அப்புறம் அம்மா முகமே அவருக்கு ஞாபகம் வராது."

"நல்லதாப் போச்சு!"

அஞ்சுகம் பெரியவரை ஒரு தரம் பார்த்தாள். ஆனால் கம்பெனியில் வாடிக்கையாளர் சொல்தான் சட்டம். பட்டனைத் தட்டினாள்.

பெரியவர் பளிச்சென்று சிரித்தார். "வாங்க, வாங்க! காபி சாப்பிடறீங்களா?" கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்தது.

மேஜையில் சிந்திய குழம்பைத் துடைப்பதுபோல் அப்பாவின் கன்னத்தை அழுத்தித் துடைத்தான் சுதாகரன். மறுபடியும் வழிந்தது.

"இதையும் நிறுத்தித் தொலைங்க மேடம்!"

"அது எங்க சர்வர்ல இருந்து வரலை சார்" என்று கேபிளை உருவினாள் அஞ்சுகம்.