பழைய நாற்காலி

"ஏங்க, நம்ம வக்கீல் எங்கே போறார் பாருங்க!" என்று தையல்காரரின் விலாவில் இடித்தாள் அவர் மனைவி.

நீதிமன்றத்தில் ஒன்பதாவது வழக்கைக் கூப்பிட்டிருந்தார்கள். அரசு வக்கீலின் நாற்காலி காலி. "அரசுத் தரப்பில் யாரு?" என்று நீதிபதி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

வெளியே போயிருந்த தையல்காரரின் வக்கீல் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். நேராகப் போய் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

"அரசுத் தரப்பில் நான் ஆஜராகிறேன், ஐயா."

கூடமே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டார்.

"நீங்க அந்தப் பக்கத்தை விட்டுப் பதினோரு நாள் ஆச்சே!"

"அப்படிங்களா? இன்னைக்கு என்ன தேதிங்க ஐயா?"

மறுபடியும் சிரிப்பு. வக்கீல் திகைத்துப்போய்த் திரும்பினார். கை தவறிப் பைல் கீழே விழுந்தது. காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கியதை வரிசைப்படுத்தினார். ஆறு நிமிடம் ஆயிற்று. அதற்குள் புது அரசு வக்கீல், வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், ஓடி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டாள். வழக்கு நடந்தது.

தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. சாலையை அகலப்படுத்தக் கடையை இடிக்கப்போவதாக அரசு அனுப்பிய நோட்டீஸை எதிர்த்துத்தான் அவருடைய வழக்கு. புதன்கிழமை விசாரணை. கடை போனால் பிழைப்பே போயிற்று.

"முதல்ல ஏழு வருஷம் தனி வக்கீல், அப்புறம் இருபத்திரண்டு வருஷம் அரசு வக்கீல், இப்ப மறுபடியும் தனி. அவங்க நெளிவுசுளிவு எல்லாம் இவருக்கு அத்துப்படின்னு சொன்னீங்களே?"

"அத்துப்படிதான்."

"நல்ல அத்துப்படி! கால் தானா அங்கேயே போகுது. புதன்கிழமை நம்ம கேஸ்லயும் அந்தப் பக்கம் நின்னு, 'இடிச்சுடுங்க ஐயா'ன்னு சொல்லப்போறார். கேஸ் கட்டைத் திரும்ப வாங்குங்க."

வக்கீல் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். தையல்காரர் பக்கத்தில் போய் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. கேஸ் கட்டைக் கொடுத்துட்டீங்கன்னா..."

தனியாக வந்தபின் வக்கீலுக்குக் கிடைத்த ஒரே வழக்கு அது.

"தப்பா நினைக்க என்னங்க இருக்கு? உங்க கடை, உங்க பயம்." கட்டை நாடாவால் கட்டி நீட்டினார். "பதினாறு காகிதம். எண்ணிப் பார்த்துக்குங்க. புது வக்கீல்கிட்ட அந்தப் பழைய வரி ரசீதை முதல்ல காட்டச் சொல்லுங்க. உங்க பலமே அதுதான்."

தையல்காரர் கட்டை வாங்கிக்கொண்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் படியிறங்கினார்கள். கீழே ஒரு அம்மாள் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். வழக்கு முடிந்து வந்திருந்த புது அரசு வக்கீல் குனிந்து தன் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பிச்சேன்மா. இன்னொரு தடவை கூப்பிடும்போது நான் இல்லேன்னா, ஆளை மாத்துங்கன்னு மேலே எழுதிடுவேன்னு நீதிபதி போன வாரமே சொல்லிட்டார். நல்லவேளை, அந்தப் பெரியவர் பழக்கதோஷத்துல என் இடத்துல போய் நின்னிருக்கார். எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம், பாவம்."

"பழக்கதோஷமாவது!" என்றாள் அவளுடைய அம்மா. "நீ அந்த ரூமுக்குள்ள பால் கொடுத்துட்டிருக்கும்போது என்கிட்ட சொல்லிட்டுத்தானே போனார். 'பொண்ணை அவசரப்படுத்தாதீங்க, குழந்தைக்கு வயிறு நிறையட்டும். அதுவரைக்கும் நான் உள்ளே போய் எதையாவது உளறிட்டிருக்கேன்'னார்."

பத்தொன்பது படி இறங்கியிருந்தார்கள். மனைவிதான் முதலில் திரும்பினாள்.

"என்ன மரமாட்டம் நிக்கிறீங்க? எதிராளிப் பொண்ணுக்கே இப்படி நின்னவர், நம்மளை விட்டுடுவாரா? ஏறுங்க!"