புரைக் கண்ணில் சிவப்பு நட்சத்திரம்

அந்தச் சிவப்பு ராட்சத நட்சத்திரம் தானாகவே பிரகாசமாகும், தானாகவே மங்கும் என்பார்கள். நான் நம்பியதில்லை. பக்கத்து வெள்ளை நட்சத்திரத்தைவிட அது எவ்வளவு தூக்கல் என்று வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் மலை ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக என் வேலை. அன்று மங்கல் என்றேன். ஆராய்ச்சி செய்யும் பூங்கோதை துள்ளினாள்.

"இதுக்குத்தானய்யா நாலு வருஷமா காத்துக் கெடந்தேன்! இன்னைக்கே அறிவிச்சிரலாம்."

"இரும்மா."

போன மாதம் புரை எடுத்த வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, புரை மூடிய இடது கண்ணால் பார்த்தேன். சிவப்பு பழையபடி தூக்கலாகத் தெரிந்தது. கையை மாற்றிப் பொத்தினால் மங்கியது. புரைக்கு வெள்ளையைக் கண்டால் ஆகாது போல; அதை மட்டும் மங்கடித்துவிடுகிறது.

சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதிய பதினெட்டு வருஷத்து நோட்டுகளை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குப் புரை எப்பய்யா வந்துச்சு?"

அதை எவன் குறித்து வைக்கிறான்?