துருப்பிடிக்கும் பூச்சு

"ஒரே குளிர்காலத்துல துருப்பிடிக்கிற மாதிரி ஏதாவது பூச்சு இருக்கா?"

மார்லிஸ் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் வண்டிப் பாகங்களுக்குப் பூச்சு போடுகிற கடை அவளுடையது. பனிக்காலம் வந்தால் பனி உருகுவதற்காகச் சாலையெல்லாம் உப்பைக் கொட்டி, வண்டிகளைத் துருப்பிடிக்க வைக்கிற ஊர். துருவோடு சண்டை போட்டே வயிறு வளர்க்கிறவளிடம் இப்படியா வந்து கேட்பது?

கேட்டவர் ரைமோ. தன் பிக்கப் வண்டிக்கு வாங்கிய புது பம்பரை மேஜைமேல் வைத்திருந்தார்.

"துருப்பிடிக்காத பூச்சுன்னுதானே சொல்ல வந்தீங்க?"

"இல்லம்மா. பிடிக்கணும்."

"துத்தநாகம் போட்டு, மேல பவுடர் கோட்டிங் குடுக்கறேன். பத்து வருஷத்துக்கு ஒரு பொட்டுத் துரு வராது."

"பத்து வருஷமா!" ரைமோவின் முகம் சுருங்கியது. "அதைவிட மட்டமா ஒண்ணும் இல்லையா?"

"இருக்கறதுலயே மட்டம் இந்தக் கறுப்பு பெயின்ட்தான். அதுவே மூணு வருஷம் தாங்கும்."

"சே! ரொம்ப நல்லா இருக்கே."

மார்லிஸுக்குச் சுருக்கென்றது. "யாரை ஏமாத்தப் போறீங்க? துருப்பிடிச்சிடுச்சுன்னு காட்டி, கம்பெனிக்காரன்கிட்ட இன்னொரு பம்பர் வாங்கவா? அந்த வேலைக்கு வேற கடையைப் பாருங்க."

ரைமோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பக்கத்து வீட்டு ஹால்வரைத் தெரியுமில்ல? சம்சாரம் போனதிலேருந்து மனுஷன் வெளியவே வர்றதில்லை. சனிக்கிழமை மட்டும் என் வண்டியில துரு சுரண்ட வருவாரு. ரெண்டு பேரும் சேர்ந்து சுரண்டுவோம். துருவே இல்லேன்னா எந்தச் சாக்குல அவரைக் கூப்பிடறது?"

"சும்மா காபி சாப்பிட வாங்கன்னு கூப்பிட வேண்டியதுதானே?"

"சும்மாவா?" ரைமோ பதறிவிட்டார். "ரெண்டு ஆம்பளைங்க சும்மா எப்படிம்மா உக்கார்றது?"

மார்லிஸ் சிரித்துக்கொண்டே பம்பரை உள்ளே எடுத்துப் போனாள். அடியில் நல்ல துத்தநாகமாகப் போட்டாள். மேலே இரும்புத் தூள் கலந்த பெயின்டை அடித்தாள். வெளியே மட்டும் அழகாகத் துருப்பிடிக்கும், உள்ளே பம்பர் பத்திரமாக இருக்கும். வழக்கமாக ஒட்டுகிற கடைப் பெயர் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டவில்லை. நாலு பேர் பார்த்தால் மானம் போய்விடும்.

மறுவாரம் ஹால்வரே கடைக்குள் நுழைந்தார்.

"ரைமோ பம்பருக்கு என்ன பூச்சு போட்ட?"

"நல்ல பூச்சுதான்" என்றாள் பட்டும் படாமலும்.

"நினைச்சேன்." ஹால்வர் குரலைத் தாழ்த்தினார். "அதுல துரு வரவைக்க எவ்வளவு உப்புத் தண்ணி ஊத்தணும்? பழைய பம்பருக்கு ஒரு வாளி போதுமா இருந்துச்சு."

"என்னது, நீங்களா ஊத்தினீங்க?"

"பின்ன? வருஷா வருஷம் நான்தான் ஊத்தறேன். அவன் தூங்கினப்புறம்."

மார்லிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி மனுஷா! அவர் உங்களுக்காக..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவர் வண்டி மேல உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்? துரு சுரண்ட அவ்வளவு ஆசையா?"

"ஆசையா? தோள்பட்டை கழண்டு விழற மாதிரி வலிக்குது. அந்த வேலையைக் கண்டாலே எனக்கு ஆகாது" என்றார் ஹால்வர். "என்ன பண்றது? நானும் போகலேன்னா, பாவம், ரைமோவுக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா?"