உள்ளூர் ஆட்டக்காரன்

“அந்த ஒன்பதாம் நம்பர் அஸாரே இல்லைங்க. எவனையோ புடிச்சிட்டு வந்து பனியன் மாட்டி விட்டிருக்காங்க” என்று மைதானத்தின் நடுவில் நின்று கத்தினார் நாகநாதன். திருத்துறைப்பூண்டி அணியின் செயலாளர். அவருடைய அணி சற்று முன்புதான் கூத்தாநல்லூரிடம் ஒரு கோலில் தோற்றிருந்தது.

மூன்றாம் டிவிஷன் கிளப்புகளுக்கான கோப்பை அது. தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், மறு ஆட்டம் கிடையாது. ஜெயித்தால் இதே திருவாரூர் மைதானத்தில் இறுதிப் போட்டி, பேப்பரில் போட்டோ. அந்தப் போட்டோவுக்காக நாகநாதன் ஒரு சஃபாரி வேறு தைத்து வைத்திருந்தார்.

ஆடுகிறவன் அந்தந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும் என்பது கோப்பையின் விதி. அதை எழுதிய புத்திசாலிக்கு நாட்டு நடப்பு தெரியாது போலிருக்கிறது. பந்தை உதைக்கத் தெம்பிருந்தவர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ரேஷனில் சர்க்கரை குறைந்துவிடுமே என்று கார்டிலிருந்து மட்டும் யாரும் போகவில்லை.

கூத்தாநல்லூர் செயலாளர் ஜெக்கரியா, கார்டை எடுத்து நடுவர் துரைக்கண்ணுவிடம் நீட்டினார். இவர் அந்த ஊருக்கு ஜவுளிக்கடை போட வந்தே இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஊர் மானத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்.

“ரசியா பேகம் மகன் அஸார். கார்டுல இருக்கு, பாத்துக்குங்க.”

“கார்டு சரிங்க, ஆளு எங்க? என் டீமைப் பாருங்க. ஒவ்வொருத்தனும் எங்க ஊரு சோறு தின்னு வளந்தவன். இதோ பத்தாம் நம்பர், ராஜராஜன். எங்க தெருதான்” என்றார் நாகநாதன்.

பத்தாம் நம்பர் நாகநாதனின் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். ஆட்டம் தொடங்கும் முன் எதிரணியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் பூட்ஸையே மாட்டினான். அதற்கப்புறம் நன்றாகத்தான் ஆடினான், கோல்தான் விழவில்லை.

துரைக்கண்ணு இரண்டு செயலாளர்களையும் மாறி மாறிப் பார்த்தார். இருவருமே அவருக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள்.

“பெத்தவங்க வந்து சொல்லட்டும். அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

ஜெக்கரியா சந்தோஷமாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பத்தாம் நம்பர் நாகநாதனின் பக்கத்தில் வந்து, “விட்டுருங்க முதலாளி. ஒரு கோலுக்காக எதுக்கு ஒரு அம்மாவை அலைய விடணும்?” என்றான்.

“உன்னைக் காலை ஆட்டத்தான் கூட்டியாந்தேன், வாயை ஆட்ட இல்ல.”

திரும்பி வரும்போது காரிலேயே ரசியா பேகத்தோடு பேரம் நடந்து முடிந்தது. “ஒன்பதாம் நம்பரைக் காட்டி, இவன்தான் என் மவன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க லாத்தா. என் மச்சான் ஷார்ஜாவுலதான் இருக்காரு. உங்க அஸார் எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சிருவாரு” என்றார் ஜெக்கரியா.

“பம்பாயிலேர்ந்து ஒரு லெட்டர் போட்டான் தம்பி. ஏஜென்ட்டு நாளைக்கு ஷார்ஜாவுக்கு ஏத்தி விடுறாருன்னு. அதோட சரி, உசுரோட இருக்கானான்னுகூடத் தெரியல. நெசமாத் தேடுவாங்களா?”

“சத்தியமா.”

சத்தியம் செய்வதற்கு ஜெக்கரியா என்றைக்குமே யோசித்ததில்லை. ரசியா பேகம் பாவம், தலையை ஆட்டினாள். பிள்ளையைப் பற்றித் தகவல் கிடைக்கும் என்றால் ஒரு பொய் என்ன, ஒன்பது பொய் சொல்லவும் அவள் தயாராக இருந்தாள்.

மைதானத்தில் நாகநாதன் தயாராகக் காத்திருந்தார். கூட்டிவருகிறவர் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிவருவார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன, அவராக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பார்.

“பனியனைத் திருப்பிப் போடச் சொல்லுங்க சார், நம்பர் தெரியக் கூடாது. எங்க பசங்களும் கலந்து நிக்கட்டும். பெத்தவங்களுக்குப் புள்ளையைத் தெரியாதா?”

ஜெக்கரியாவின் முகம் செத்துப்போனது. பனியன்களைத் திருப்பிப் போட்டார்கள். சேற்றில் புரண்டதில் எது எந்த அணியின் நிறம் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.

“வயித்தை வலிக்குது முதலாளி, நான் போறேன்” என்று நழுவப் பார்த்தான் பத்தாம் நம்பர்.

“இப்ப ஓடுனா நம்ம மேல சந்தேகம் வரும்டா. செத்த நேரம் நின்னா ஒண்ணும் ஆயிடாது.” நாகநாதனே அவன் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினார்.

ரசியா பேகம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வரிசையோரமாக நடந்தாள். இரண்டாவதாக நின்றவன் விடாமல் இருமினான். அவன்தான் ஒன்பதாம் நம்பர் என்பது பந்து பொறுக்கப் போனவனுக்குக்கூடப் புரிந்தது. அவளுக்குப் புரியவில்லை, அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

“பாத்தீங்களா சார்? தாண்டிப் போயிட்டாங்க. எழுதிக்குங்க, நாங்கதான் ஃபைனல்” என்றார் நாகநாதன். சஃபாரிக்கு எந்தக் கலர் ஷூ பொருந்தும் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அவள் வரிசையின் கடைசி வரை போய், அங்கேயே நின்றுவிட்டாள். தலையைக் குனிந்து பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்த பத்தாம் நம்பரின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“வீட்டுக்கு ஏன் வரல, அஸாரு?”